ஒன்றரைச் சுற்று

அந்த அம்மாள் காரையும் கூடவே கொண்டுவந்திருந்தார். ஓட்டி வரவில்லை, இழுவை லாரியின் மேல் ஏற்றிக்கொண்டு, லாரி டிரைவருக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்து வந்தார். கொட்டகை வாசலில் லாரி நின்றதும் இறங்கி, "வண்டி சீக்கிரம் உள்ள போயிடணும். என் அண்ணன் தேடிக்கிட்டு வர்றதுக்குள்ள" என்றார்.

கொட்டகைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். அடிபட்ட, எரிந்த, ஆளைக் கொன்ற வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவர் அவருடைய அண்ணி, காலமான அண்ணனின் மனைவி. கொழுந்தன் முதல் வரி சொல்வதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவது அண்ணியின் வழக்கம். பதினோரு வருடங்களில் ஒருமுறைகூட அவர் சொன்ன ஆள் சரியாக இருந்ததில்லை. அதனால் அவர் உற்சாகம் கொஞ்சமும் குறைந்ததுமில்லை. அலுவலகத்தில் ஒரே ஒரு விதிதான். 'இருக்கலாம்' என்ற சொல் எந்த அறிக்கையிலும் வரக்கூடாது. தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் இன்னொருமுறை வண்டிக்கு அடியில் போ என்பது நிதானத்தின் கொள்கை.

வெள்ளை நிற வாடகைக் கார் உள்ளே இறங்கியது. அண்ணி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார் நிதானம்.

"என் வீட்டுக்காரர் இந்த வண்டிலதான் போயிட்டார். பத்து நாள் ஆச்சு. புதன்கிழமை." அந்த அம்மாள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "வாடிக்கைக்காரங்க ஒருத்தரை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும்னு போனார். ஒன்பதே முக்கால், பத்து மணி வாக்குல போய்ச் சேர்ந்திருக்கார். டாக்டர் வரத் தாமதம், காத்திருங்கன்னு சொல்லியிருக்காங்க. நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, ஏ.சி.யைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். பன்னிரண்டரைக்கு வேற ஒரு டிரைவர் தட்டிப் பார்த்து, கதவைத் திறந்து, இன்ஜினை நிறுத்தியிருக்கார். அப்ப உயிர் இல்ல."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"புகைன்னார். கார்பன் மோனாக்சைடு. வாசனையே இருக்காதாமே. போலீஸ்ல வீட்டுல ஏதாவது சண்டையான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. எனக்குப் புரிஞ்சுது, எதுக்குக் கேட்கிறாங்கன்னு."

அண்ணியின் பேனா நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுத ஆரம்பித்தது. நிதானம் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

மீதிக் கதை மெல்ல மெல்ல வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்பு காரின் முன்பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. அந்த அம்மாளின் அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள் அங்கேதான் மெக்கானிக் வேலை பார்க்கிறாள். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, புதுசு மாட்டு என்று மாமா சொன்னார், மகள் மாட்டினாள். விளக்கு அணைந்தது. அவர் இறந்தபிறகு கார், போலீஸ் விடுவித்ததும், அதே பட்டறைக்குத்தான் இழுத்து வரப்பட்டது.

"நாலாம் நாள் அண்ணன் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். வண்டியைத் தூக்கி அடியில காட்டினார். அவ மாட்டின சென்சார் லூசா இருந்துது. கையாலயே திருப்பினார். ஒன்றரைச் சுற்று. 'இது வழியாத்தான் புகை உள்ள வந்திருக்கு'ன்னார். அப்புறம், 'இது நம்ம மூணு பேரோட போகட்டும், வெளிய தெரிஞ்சா பொண்ணு ஜெயிலுக்குப் போயிடும், வண்டியை நான் நசுக்கப் போட்டுடறேன்'ன்னார். நாளைக்குத்தான் அந்த நாள்."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அன்னிலேருந்து ஒரு வார்த்தை பேசல. சாப்பிடறதில்ல. கையைக் கழுவறா. திரும்பத் திரும்பக் கழுவறா. தோல் உரிஞ்சு போச்சு."

 லாரிக்காரர் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"உள்ளதைச் சொல்லுங்க. அவ பண்ணின தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. எப்படியாவது அவளைத் தேத்திக் கொண்டு வந்துடுவேன். ஆனா பண்ணாத ஒண்ணைப் பண்ணினதா நினைச்சுக்கிட்டு அவளும் போயிட்டான்னா, என்னால முடியாது சார்."

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு யார்கிட்டயாவது போன்ல பேசினாரா?"

"பொண்ணுகிட்ட. பத்து அம்பதுக்கு. ஒரு நிமிஷம் கூட இல்ல. புதன்கிழமை அவளுக்குப் பயிற்சி வகுப்பு, பட்டறைக்குப் போக மாட்டா. வகுப்பு நடுவுல பேசியிருக்கா. என்ன பேசினாங்கன்னு கேட்டேன். பதில் சொல்லல."

நிதானம் அதையும் குறித்துக்கொண்டார்.

முதலில் அவர் காருக்குள்தான் போனார். டிரைவர் இருக்கையில் உட்காரவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார், இன்ஜினை முடுக்கவில்லை. எல்லா விளக்குகளும் எரிந்தன. ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கணினிப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, அதன் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்தார். "அண்ணி, எழுதிக்கோங்க. பதிவான கோளாறு எதுவும் இல்ல. கோளாறுப் பதிவை அழிச்சதிலேருந்து ஓடின தூரம், நாலு கிலோமீட்டர். அழிச்சதிலேருந்து இன்ஜின் ஓடின நேரம், நூத்தி எழுபத்தொரு நிமிஷம்."

"மீட்டர்?"

"அந்த அம்மா கொண்டுவந்த போலீஸ் மகஜர்ல எழுதின அதே எண். அன்னிக்கப்புறம் வண்டி சொந்தமா ஒரு அடிகூட நகரல."

கியர் லீவரைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை விரலால் விலக்கினார். பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதைச் சுற்றிய தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கறுப்பாக ஒரு படலம். கைக்குட்டையில் ஒற்றி எடுத்து, மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு காரை மேலே தூக்கினார்கள். அடிப்பக்கம் முழுக்க மழைநாள் சேறு தெறித்துக் காய்ந்து கிடந்தது. சைலன்சர் குழாயின் சூட்டில் அது சுட்ட ஓடுபோல இறுகியிருந்தது. சேறு இல்லாத இடங்களில் பல போல்ட்டுகளின் தலையில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. போல்ட்டில் பாதி, அது இறுகியிருந்த இரும்பில் பாதி.

"இது என்ன கோலம்?" என்றார் அண்ணி.

"என் பொண்ணு" என்றார் அந்த அம்மாள். "எதை முறுக்கினாலும், சரியான அளவுக்கு முறுக்கினப்புறம் ஒரு கோடு போடுவா. திரும்பினா கோடு பிரிஞ்சு காட்டிக்கொடுத்துடுமாம். பட்டறையில அவளுக்குப் பேரே மஞ்சக்கோடு. மாமா எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் விட மாட்டா."

கன்வர்ட்டர் காரின் நடுவில், முன் இருக்கைகளுக்கு நேர் கீழே இருந்தது. இன்ஜினிலிருந்து வரும் விஷப் புகையை எரித்துச் சுத்தம் செய்யும் தகர உருளை அது. அதைத் தாண்டிய குழாயின் பக்கவாட்டில் அந்தச் சென்சார். நிதானம் அதைத் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். சென்சாரின் தலையில் அரை வளையமாகச் சேறு. குழாயில், அதற்கு எதிர்ப்பக்கத்தில், இன்னொரு அரை வளையம். நடுவில் உடைந்த ஓரம் புதிதாக இருந்தது. சென்சாரைச் சுற்றிய இரும்பு வெறும் துருநிறம். கரி எதுவும் இல்லை.

அடுத்து அவர் கன்வர்ட்டரை ஸ்பேனரின் பிடியால் தட்டினார். காலி டின்னைத் தட்டியதுபோல் கணகணவென்றது. அவர் முகம் மாறியது. நீளக் கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியை எடுத்து, கன்வர்ட்டருக்கும் காரின் தரைக்கும் இடையில் விட்டு, மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க அண்ணி. மேல்பக்கம் நீளவாக்குல வெல்டிங். புதுசு. ஒரு ஓரத்துல கரி."

"தம்பி, எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று அண்ணி கிசுகிசுத்தார். "அந்த இன்னொரு டிரைவர். கதவைத் திறந்தவன். அவன்தான்."

"டார்ச்சைக் கொஞ்சம் நேராப் பிடிங்க அண்ணி."

பட்டறைக்காரர் மதியம் ஒரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கோபத்தோடு இறங்கியவர், தங்கையைப் பார்த்ததும் குரல் உடைந்து நின்றுவிட்டார். அறுபதை நெருங்கும் பெரிய உடம்பு. நகங்களில் போகாத கறுப்பு. தங்கையின் தலையில் கை வைத்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? நான் அந்தக் குழந்தையைக் காப்பாத்தப் பார்க்கறேன், நீ ஊரைக் கூட்டறியே" என்றார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அதை நிதானமே பின்னால் ஒத்துக்கொண்டார்.

"ரெண்டு கேள்விதான்" என்றார் நிதானம். "வண்டியைக் கடைசியாப் பார்த்தது எப்போ?"

"சென்சார் மாட்டின அன்னிக்கு. அதுக்கப்புறம் லாரி மேல வந்தப்பதான் பார்த்தேன்."

"நடுவுல வரவே இல்ல?"

"வரல. மாப்பிள்ளை வந்தா என்கிட்ட ஒரு வாய் காபி குடிக்காமப் போக மாட்டார். வந்திருந்தா மறக்குமா?"

"உங்க பட்டறையில ஸ்கேனர் எத்தனை?"

"ஒண்ணுதான். என் பீரோவுல இருக்கும். சாவி என் இடுப்புல. வேற யாரும் தொட மாட்டாங்க. ஏன் கேட்கறீங்க?"

"அறிக்கையில எழுதணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

அவர் போனதும் அண்ணி தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். எங்கே போக வேண்டும் என்று நிதானம் இன்னும் சொல்லவில்லை.

"பட்டறை வாசல்லேருந்து அந்த ஆஸ்பத்திரி கார் நிறுத்தம் வரைக்கும் உங்க ஸ்கூட்டர்ல போங்க. மீட்டரைப் பார்த்து எழுதிட்டு வாங்க. அப்புறம் அவங்க வீட்டு வாசல்லேருந்து அதே இடத்துக்கு."

சாயங்காலம் நாலரை மணிக்கு அண்ணி வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். வீட்டிலிருந்து பதினொன்று. பட்டறையிலிருந்து நாலு. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "தம்பி, அந்த மனுஷன் அழுதாரே!"

"அழுதார்" என்றார் நிதானம். "ரெண்டும் உண்மைதான் அண்ணி."

மறுநாள் பத்து மணிக்குக் கொட்டகையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். அந்த அம்மாள், அவர் மகள், பட்டறைக்காரர், வழக்கை வைத்திருந்த காவல் ஆய்வாளர், நோட்டுப் புத்தகத்தோடு அண்ணி. மகளுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். கைகளை முந்தானை ஓரத்தில் சுற்றி மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பார்த்தவர்கள் யாருக்கும் இரண்டாம் முறை பார்க்கத் தைரியம் வரவில்லை.

கார் மேலே தூக்கப்பட்டிருந்தது. நிதானம் சென்சாருக்கு அடியில் போய் நின்றார்.

"இந்தச் சென்சார் லூசு. அதுல சந்தேகம் இல்ல. எப்போ லூசாச்சுங்கறதுதான் கேள்வி. வாங்க சார், கிட்ட வந்து பாருங்க" என்று ஆய்வாளரைக் கூப்பிட்டார். "சென்சார் மேல பாதிச் சேறு. குழாய் மேல பாதிச் சேறு. ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம். இப்ப கையால இறுக்கறேன். ஒரு சுற்று. அரைச் சுற்று."

உடைந்த இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்தி, முழு வளையமாகின. நிதானம் நகத்தால் சேற்றை மெல்லச் சுரண்டினார். உள்ளே மஞ்சள் கோடு. சென்சாரிலிருந்து குழாய்க்கு, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ஓடியது.

"இது மழைச் சேறு. அந்த ஒரு மாசத்துல மழை பெஞ்சது அந்தப் புதன்கிழமை ஒரு நாள்தான். வண்டி ஓடினப்போ தெறிச்சுது, குழாய்ச் சூட்டுல காய்ஞ்சுது. காயும்போது சென்சார் கோட்டுல இருந்துது. முழுசா இறுகி இருந்துது. இல்லைன்னா இந்த ரெண்டு பாதியும் இப்படிச் சேராது. சேறு காய்ஞ்சப்புறம்தான் யாரோ இதைத் திருப்பியிருக்காங்க. காய்ஞ்சப்புறம் வண்டி ஓடவே இல்ல. அதனாலதான் இந்த ஓட்டையைச் சுத்திக் கரியும் இல்ல. சுருக்கமாச் சொன்னா, டிரைவர் இறந்தப்புறம் லூசாக்கப்பட்ட சென்சார் இது."

மகள் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் கண் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது.

"அப்படின்னா புகை எப்படி உள்ள வந்துது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

நிதானம் காரைக் கீழே இறக்கி, கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைச் சாத்தினார். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வந்த குழாயைச் சைலன்சரின் வாயில் செருகி, சுற்றிலும் துணியால் அடைத்தார். கசிவு கண்டுபிடிக்கும் புகைப் பெட்டி அது. எண்ணெய்ப் புகை, ஆளை ஒன்றும் செய்யாது. பொத்தானை அழுத்தினார். சென்சார் இப்போது இறுகித்தான் இருந்தது.

அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காருக்குள், கியர் லீவரின் அடியிலிருந்து, வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது. அது தடித்து, டிரைவர் இருக்கையின் பக்கம் சாய்ந்து, கூரையைத் தொட்டுப் பரவியது. எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்த அம்மாள் மட்டும் திரும்பிக்கொண்டார். தன் கணவர் உட்கார்ந்திருந்த இடம் வெள்ளையாக மறைவதைப் பார்க்க எந்த மனைவியால் முடியும்?

"கன்வர்ட்டரை யாரோ கழட்டி, மேல்பக்கம் அறுத்து, உள்ள இருந்த தேன்கூட்டுக் கல்லை எடுத்துட்டு, காலியா மறுபடி வெல்டு வெச்சிருக்காங்க" என்றார் நிதானம். "அந்தக் கல்லுக்கு வெளியில நல்ல விலை. கல்லு இல்லாத கன்வர்ட்டர் வெறும் டப்பா. இன்ஜின் கக்கற விஷம் அப்படியே வெளிய வரும். அதுல வெல்டிங்ல ஒரு ஓட்டை. ஓட்டைக்கு நேர் மேல கிழிஞ்ச ரப்பர். கண்ணாடி ஏத்தி, ஏ.சி. போட்டு, ரெண்டரை மணி நேரம்."

பட்டறைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "யார் பண்ணினதோ. மாப்பிள்ளை வேற எங்கயாவது குடுத்திருப்பார்."

"குடுத்திருக்கலாம்னு நானும் நினைக்கப் பார்த்தேன். வண்டி விடல. இந்த மஞ்ச விளக்கு ஒரு காவல்காரன். கன்வர்ட்டரைத் தாண்டி நின்னு, அது வேலை செய்யுதான்னு பார்க்கறதுதான் அந்தச் சென்சாரோட வேலை. முதல்லயே அது சொன்னது உண்மை, கன்வர்ட்டர் கெட்டுப் போச்சுன்னு. நீங்க காவல்காரனை மாத்தினீங்க. புதுக் காவல்காரனும் அதையே கத்தினான். அப்புறம் கல்லையே எடுத்தாச்சு. மறுபடி கத்தினான். ஸ்கேனர்ல பதிவை அழிச்சா விளக்கு சில நாளைக்கு அணையும். ஆனா அழிச்ச நிமிஷத்துலேருந்து வண்டி ரெண்டு கணக்கை ஆரம்பத்துலேருந்து எண்ண ஆரம்பிக்கும். அது உங்களுக்குத் தெரியும். அதைப் போய் யார் பார்ப்பாங்கன்னு விட்டுட்டீங்க."

நிதானம் கையை நீட்ட, அண்ணி நோட்டைக் கொடுத்தார்.

"நூத்தி எழுபத்தொரு நிமிஷம். இன்ஜினை நிறுத்தினது பன்னிரண்டு முப்பது, மகஜர்லயே இருக்கு. பின்னாடி எண்ணினா ஒன்பது முப்பத்தொன்பது. அந்த நேரத்துல வண்டி ஆஸ்பத்திரியிலேருந்து நாலு கிலோமீட்டர்ல இருந்துது. வீடு பதினொண்ணு. உங்க பட்டறை நாலு. ஸ்கேனர் உங்க பீரோவுல, சாவி உங்க இடுப்புல. புதன்கிழமை உங்க மருமக வகுப்புக்குப் போயிருப்பா. அவர் அன்னிக்கு வந்தார், நீங்க விளக்கை அணைச்சு அனுப்பினீங்க. சாகப் போற மனுஷன் விளக்கை அணைக்க வந்திருக்க மாட்டார். அதையும் எழுதிக்கோங்க சார்" என்று ஆய்வாளரிடம் திரும்பினார்.

பட்டறைக்காரர் காரின் கண்ணாடிக்குள் இன்னும் மிதந்துகொண்டிருந்த வெள்ளையையே பார்த்தார்.

"அண்ணா" என்றார் தங்கை. 

"கல்லை எடுக்கறது எல்லாருக்கும் செய்யறதும்மா" என்று அவர் கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஏழெட்டு வண்டிக்குச் செஞ்சிருக்கேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. வண்டி லாரி மேல வந்தப்பதான் அடியில போய்ப் பார்த்தேன். பார்த்ததும் கை கால் ஓடல. இவ மாட்டின சென்சாருன்னா யாரும் குடும்பத்தைத் தாண்டிப் பேச மாட்டாங்கன்னு நினைச்சேன். குழந்தை மேல யாரும் கேஸ் குடுக்க மாட்டாங்களே. சத்தியமா அவளை ஜெயிலுக்கு அனுப்பணும்னு நினைக்கல."

"அது எனக்குத் தெரியும்" என்றார் நிதானம். "ஒண்ணு மட்டும் கேட்கணும். வெல்டிங்கை ஏன் மேல்பக்கம் போட்டீங்க? அங்க கை போகாது, கண்ணும் போகாது. கீழ போட்டிருந்தா சுலபம்."

"கீழ போட்டா லிஃப்ட்ல தூக்கினதும் தெரிஞ்சுடும். இவ பார்த்துடுவா. ஒவ்வொண்ணையும் பார்க்கறவ." கண்ணைத் தூக்காமலே மருமகளைக் காட்டினார்.

"கீழ போட்டிருந்தா புகை ரோட்டுக்குப் போயிருக்கும். உங்க மாப்பிள்ளை இப்ப உயிரோட இருப்பார்."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஆய்வாளர் ஏழெட்டு வண்டிகளின் எண்களை உடனே வேண்டும் என்று கேட்டு, தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே கூட்டிப் போனார். தங்கை பின்னால் போகவில்லை. போகாமல் இருப்பதற்காக நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே அண்ணன்.

அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே மகளிடம் போனார். "பார்த்தியாம்மா? உன் கோடு பிசகவே இல்ல. நீ ஒண்ணும் பண்ணல."

மகள் காரைச் சுற்றி நடந்து வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். மிச்சமிருந்த வெள்ளை வெளியே கலைந்தது. உள்ளே பார்த்தபடியே, ஒரு வாரம் கழித்து முதல் முறையாகப் பேசினாள். குரல் கரகரத்தது.

"அப்பா போன் பண்ணினார். தலை வலிக்குது, கண்ணைச் சுத்துதுன்னார். காலையில சாப்பிடாமப் போயிருப்பீங்க, அவங்க வர்ற வரைக்கும் சீட்டைச் சாய்ச்சுட்டு ஒரு தூக்கம் போடுங்கப்பான்னேன். வகுப்பு நடந்துக்கிட்டிருந்துது. வெச்சுட்டேன்."

அவள் கதவை மெல்லச் சாத்தினாள்.

"சென்சார் லூசா இருந்துதுன்னு மாமா காட்டினப்ப எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாக்கூட இருந்துது. நான் தூங்கச் சொன்னதாலதான் போனார்னு இல்லாம, வேற ஒரு காரணம் கிடைச்சுதேன்னு." அவள் நிதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. பத்து அம்பதுக்கு வெளிய இறங்குங்கப்பான்னு சொல்லியிருந்தா, அப்பா பிழைச்சிருப்பாரா சார்?"

அண்ணிக்கு அந்தக் கணக்கு தெரியும். எத்தனையோ அறிக்கைகளில் தட்டச்சு செய்த கணக்கு அது. போனில் பேசி, தலைவலி என்று சொல்லும் நிலையில் இருப்பவன், கதவைத் திறந்து மழையில் இறங்கினால் போதும். அண்ணி கொழுந்தனின் முகத்தைப் பார்த்தார். இந்தப் பதினோரு வருடங்களில் அந்த முகம் இப்படித் திணறி அவர் பார்த்ததில்லை.

"அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார் நிதானம். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் இருந்திருக்கலாம்."

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. அவளும் மெக்கானிக்தான். தாய் நாற்காலியை விட்டுவிட்டு வந்து, மகளின் தோல் உரிந்த கைகளைப் பிரித்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் போன் பண்ணியிருந்தா நானும் அதைத்தான்டி சொல்லியிருப்பேன். ஒரு தூக்கம் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். வெகுநேரம் அழுதாள். நிதானம் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை அறிக்கை தயாரானது. நாலு பக்கம். சேறு, கோடு, வெல்டிங், நூத்தி எழுபத்தொரு நிமிடம் எல்லாம் இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் 'பத்து ஐம்பது, மகளுக்குப் போன்' என்று இருந்த வரியை நிதானம் பேனாவால் அடித்திருந்தார். அண்ணி அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்தார்.